நரம்பு முழிக்குது

ஜனவரி 9

பல்லிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. கூட வந்திருக்கும் மஞ்சள் டப்பாவையாவது திறந்து பார். ஊருக்கெல்லாம் பல் செட் செய்து கொடுக்கிறவளைப் பல்லி என்று கூப்பிட உலகத்தில் ஒருத்தனுக்குத்தான் உரிமை. அதை நீ இன்னும் பறிக்கவில்லை என்று நானாகவே நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

போன் செய்தால் நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிடுகிறாய். கடிதத்தில் அந்த வசதி உனக்கு இல்லை. பாதியில் விட்டாலும் மேசையில் கிடந்து உன்னை முறைத்துக்கொண்டே இருக்கும்.

அப்பாவின் நடை, அந்த நரம்பு நோய், உனக்கு வந்திருக்கிறது, எனக்கு வரவில்லை என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்த அன்றைக்கு, போனில் நான் யாரிடமோ "நல்லவேளை" என்று சொன்னது உன் காதில் விழுந்தது. "நல்லவேளை, என்னன்னு தெரிஞ்சுபோச்சு, இனிமே வைத்தியம் பாக்கலாம்" என்றுதான் சொல்ல வந்தேன். நீ முதல் வார்த்தையோடு பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாய். அப்பாவும் போன பிறகு நமக்கு நடுவில் பஞ்சாயத்து பண்ணவும் ஆளில்லாமல் போயிற்று.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என்னிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள ஒருவர் வருகிறார். சத்து மாத்திரை விற்கிற ஆள். கிளட்சுக்கும் பிரேக்குக்கும் வித்தியாசம் தெரியாது, நரம்பைப் பற்றிக் கேட்டால் மடை திறந்த மாதிரி கொட்டுகிறார். நரம்புக்கென்றே இருக்கிற மாத்திரையாம் இது. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. உனக்கு அனுப்புவதற்கு முன்னால் நானே சாப்பிட ஆரம்பித்துவிட்டேன். எனக்கு ஒன்றும் செய்யவில்லை, சத்தியமாக.

முட்டியைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டு அப்பா தெருவில் போனபோது பையன்கள் "கொக்கு, கொக்கு" என்று கத்துவார்கள். நீ அப்படி நடப்பதை என்னால் பார்க்க முடியாது. சாப்பிடு.

அண்ணன்

*

ஜனவரி 26

அண்ணாவுக்கு,

கிழிக்கவில்லை. அதற்காக ரொம்ப சந்தோஷப்பட்டுக்கொள்ளாதே.

"நல்லவேளை"க்கு வியாக்கியானம் எழுத உனக்கு இவ்வளவு காலம் தேவைப்பட்டிருக்கிறது. நன்றாகவே எழுதியிருக்கிறாய். நம்பலாமா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. நீ அன்றைக்குச் சிரித்துக்கொண்டே சொன்னாய் என்பதுதான் எனக்கு ஞாபகம்.

நீ பார்க்க முடியாது என்கிற நடையைத்தான் நான் தினமும் நடக்கிறேன். காலணிக்குள் பிளாஸ்டிக் தகடு வைத்துப் பாதம் தொங்காமல் நிறுத்தியிருக்கிறேன். மாடியில் நான் நடந்தால் கீழே குடியிருக்கும் வீட்டுக்கார டீச்சருக்குத் தலைமேல் யாரோ ஆணி அடிக்கிற மாதிரி இருக்குமாம். ஓய்வு பெற்றவர், வேறு பொழுதுபோக்கு இல்லை, என் காலடியை எண்ணிக்கொண்டிருக்கிறார்.

கால்தான் எனக்குப் போயிற்று. கை இருக்கிறது. பல் செட்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவினால் போதும், மயிரிழை அளவு மேடு இருந்தாலும் சொல்லிவிடுவேன். முதலாளி இரண்டு கண்ணாடி போட்டுக்கொண்டு பார்ப்பதை நான் கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பேன். வாடகை, சோறு, மரியாதை எல்லாம் இந்தக் கட்டைவிரல் போடுகிற பிச்சை. இதை வைத்துக்கொண்டு நான் எந்தப் பரீட்சையும் செய்யத் தயாராக இல்லை.

நரம்பு டாக்டர் முதல் நாளே சொன்னார்: "என்னைக் கேக்காம எந்த மருந்தும் எடுக்காதீங்க. சில மருந்து உங்க நரம்புக்கு ஆகாது." ஆகவே உன் டப்பா அலமாரியில் உட்கார்ந்திருக்கிறது. உட்காரட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கை

*

பிப்ரவரி 12

பல்லிக்கு,

"உடம்பைப் பார்த்துக்கொள்" என்று எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வரியை நாலு தடவை படித்தேன். போதும், எனக்கு இந்த வருஷத்துக்கு அது போதும்.

டாக்டர் சொன்னது சரிதான், மருந்து சாப்பிடக் கூடாது. ஆனால் இது மருந்தே இல்லையே! சத்து. கீரையில் இருக்கிறது, பயறில் இருக்கிறது, மீனில் இருக்கிறது. அதையே மாத்திரையாகத் திரட்டி வைத்திருக்கிறார்கள். சாப்பாட்டுக்கு யாராவது டாக்டரிடம் சீட்டு வாங்குவார்களா? நம்ம ஆளிடமும் கேட்டேன். "கூடுதலா போனாலும் மூத்திரத்தோட வெளிய போயிடும் சார், உடம்புல தங்கவே தங்காது" என்கிறார். இதைச் சொல்லும்போது வண்டியை ரிவர்ஸில் போட்டு ஒரு தபால் பெட்டியை முத்தமிடப் பார்த்தார். என் பக்கத்திலும் ஒரு பிரேக் இருப்பதால் நாங்கள் எல்லாரும் உயிரோடு இருக்கிறோம்.

நீ ரொம்பச் சோர்ந்துபோவாயே, அதற்குப் பச்சை டப்பா ஒன்றும் அனுப்பியிருக்கிறேன். அது நரம்புக்கு இல்லை, சோர்வுக்கு. இரண்டும் வேறு வேறு.

உனக்காக நான் செய்யக்கூடியது வேறு ஒன்றுமே இல்லை. என் காலை வெட்டி உனக்கு ஒட்ட முடியாது. இதையாவது செய்ய விடு.

அண்ணன்

*

மார்ச் 18

அண்ணா,

உட்கார்ந்து படி. கார் ஓட்டிக்கொண்டு படிக்காதே.

போன மாதக் கடிதம் வந்த அன்றே ஆரம்பித்துவிட்டேன். உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் ஆடிக் குதிப்பாய் என்று தெரியும். ஏன் ஆரம்பித்தேன் என்று கேட்காதே. அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் அந்த டப்பா நீ மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருந்தது. சின்ன வயதிலிருந்தே அந்த மூஞ்சிக்கு நான் தோற்றுத்தான் பழக்கம்.

இன்றைக்குக் காலையில் குளிக்கும்போது என் பாதம் எரிந்தது.

எரிந்தது, அண்ணா! என் பாதம்! செருப்பு கழன்று விழுந்தாலும் பத்தடி தள்ளிப் போய்த்தான் தெரிந்துகொள்கிற பாதம். தண்ணீர் சூடா என்று கையை வைத்துப் பார்த்தேன், பச்சைத் தண்ணீர். மிளகாய் அரைத்துத் தடவின மாதிரி இரண்டு உள்ளங்காலும் திகுதிகு என்றது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கீழேயிருந்து டீச்சர், "என்னம்மா, விழுந்துட்டியா?" என்று கத்தினார். "இல்ல டீச்சர், எரியுது!" என்றேன். பாவம், கேஸ் அடுப்பை அணைக்க ஓடினார்.

அப்பா கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். "நெருப்பாவது வைங்கடா, எரியட்டும். காலு இருக்குன்னாவது தெரியட்டும்." அவருக்குக் கிடைக்காதது எனக்குக் கிடைத்திருக்கிறது. நம் வீட்டில் எரிச்சலுக்காக அழுது சந்தோஷப்பட்ட முதல் ஆள் நான்தான்.

"நல்லவேளை" கணக்கை மூடிவிட்டேன். நீ சொன்னபடியே இருக்கட்டும்.

உன் பல்லி

*

மார்ச் 27

என் பல்லிக்கு,

வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது உன் கடிதம் சட்டைப் பையில் இருந்தது. சிக்னலில் நின்றபோது பிரித்தேன். நம்ம ஆள் ஓட்டிக்கொண்டிருந்தார். "சார், எரியுதுங்குறா என் தங்கச்சி!" என்றேன். அவர் "நரம்பு முழிக்குது சார்!" என்று கத்திக்கொண்டே கிளட்சை விட்டார். வண்டி தவளை மாதிரி குதித்து நடு ரோட்டில் நின்றது. பின்னால் அத்தனை ஹாரன். இரண்டு பேரும் உள்ளே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தோம்.

தூங்கின காலை எழுப்பினால் சுருசுரு என்று குத்துமே, அதே கதைதானாம். உன் நரம்பு வருஷக்கணக்காகத் தூங்கினது, அதனால் எழுந்திருக்கும்போது எரிகிறது. எனக்கு ஏன் எரியவில்லை என்றும் கேட்டேன். "உங்க நரம்பு முழிச்சேதான சார் இருக்கு, அது எதுக்கு எரியணும்?" என்றார். எவ்வளவு சரியாக இருக்கிறது பார்!

முழிக்கிற நேரத்தில் விட்டுவிடக் கூடாதாம். மஞ்சளிலும் பச்சையிலும் இனிமேல் இரண்டிரண்டாகப் போடு. பாலில் கலக்கிக் குடிக்க ஒரு பொடியும் அனுப்பியிருக்கிறேன். நானும் இரண்டிரண்டுதான். துணைக்கு.

கோடை முடிந்ததும் வருகிறேன். நீ எனக்காகப் படி இறங்கி வரவேண்டும். தகடு இல்லாமல் வரவேண்டும், சொல்லிவிட்டேன்.

அண்ணன்

*

மே 22

அண்ணாவுக்கு,

கொஞ்ச நாளாக எழுத முடியவில்லை. பேனா நழுவுகிறது.

எரிச்சல் கைக்கு வந்துவிட்டது. கை தூங்கவே இல்லையே, அது எதற்கு முழிக்க வேண்டும்? இதை உன் ஆளிடம் கேட்டுச் சொல்.

முன்னே எரிந்த பாதம் இப்போது பஞ்சு மேல் நிற்கிற மாதிரி இருக்கிறது. கண்ணை மூடினால் தரை எங்கே என்று தெரியவில்லை. முகம் கழுவக் கண்ணை மூடினால் சாய்ந்துவிடுகிறேன். டீச்சர் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்.

போன வாரம் ஒரு பெரியவருக்குக் கீழ்த் தாடை செட் முடித்தேன். ஓரம் முழுக்கத் தடவினேன், வழவழ என்றிருந்தது, அனுப்பினேன். அது திரும்பி வந்தது. அவர் ஈறு கிழிந்து, இரண்டு நாள் கஞ்சிகூடக் குடிக்கவில்லையாம். முதலாளி ஓரத்தில் விரலை வைத்ததும் "ஸ்ஸ்" என்று கையை உதறினார். என் முன்னால் நீட்டினார். நான் தடவினேன். வழவழ என்றுதான் இருந்தது. திரும்பவும் தடவினேன். அவர் என் விரலைப் பார்த்து, "ரத்தம் வருதும்மா, விடு" என்றார்.

நேற்று மெழுகு வேலை. சூடான கரண்டியை எடுத்து வைத்துவிட்டுப் பல் அடுக்கிக்கொண்டிருந்தேன். ஏதோ பொசுங்குகிற வாசனை. மெழுகு தீய்ந்தால் அந்த வாசனை வராது. பார்த்தால் என் சுண்டுவிரல் கரண்டி மேலே கிடக்கிறது.

முழிக்கிற நரம்பு இப்படியா செய்யும்? நடுவில் விட்டால் எல்லாம் வீணாகிவிடும் என்று பயமாகவும் இருக்கிறது. பச்சை டப்பா தீர்ந்துவிட்டது. அனுப்புகிறாயா, நிறுத்தவா? எதையாவது தெளிவாகச் சொல்.

தங்கை

*

மே 30

பல்லி,

கேட்டேன். "பழைய வீட்டை இடிச்சுக் கட்டும்போது தூசி பறக்கும்ல சார், அதான்" என்கிறார். கேட்கும்போது சரி என்றுதான் பட்டது. வீட்டுக்கு வந்து உன் சுண்டுவிரலை நினைத்தபோது சரி என்று படவில்லை.

பச்சை டப்பா இத்துடன் இருக்கிறது. எனக்கு இன்னும் ஒன்றும் ஆகவில்லை, அதனால் மாத்திரையில் கோளாறு இருக்காது. நோய்தான் கைக்கு ஏறுகிறதோ என்னவோ. அப்படியானால் சத்து இன்னும் வேண்டியிருக்குமே. எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எதற்கும் டாக்டரிடம் ஒரு தடவை காட்டு.

அண்ணன்

*

ஜூலை 5

அண்ணாவுக்கு,

காட்டினேன். இனி நீ ஒரு மாத்திரையும் அனுப்ப வேண்டாம்.

டாக்டர் கையைத் தட்டிப் பார்த்தார், கண்ணை மூடச் சொல்லி விரலை மேலே கீழே அசைத்து எந்தப் பக்கம் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. "இவ்வளவு சீக்கிரம் ஏறக் கூடாதே" என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டார்.

"வேற ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா?"

"இல்ல டாக்டர்."

நான் பொய் சொல்லவில்லை, அண்ணா. மனசறிய அது பொய் இல்லை. அவர் எழுதிக்கொண்டிருந்தார். நேரமாகிவிட்டதே என்று பையிலிருந்து மஞ்சளில் இரண்டு, பச்சையில் இரண்டு எடுத்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தேன்.

"அது என்ன?"

"இது மருந்து இல்ல டாக்டர். சத்து."

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். டப்பாக்களைக் கேட்டார். பொடிப் பொட்டலமும் பையில்தான் இருந்தது. பூச்சி பூச்சியாக அச்சடித்திருப்பதை மூன்றிலும் படித்தார். "மூணுக்கும் மூணு பேர் வெச்சிருக்கான். உள்ளே எல்லாத்துலயும் பி ஆறுங்கிற வைட்டமின்தான். ஒரு நாளைக்கு ஒடம்புக்கு வேண்டியது ஒரு சிட்டிகை. நீங்க படி படியா அளந்து கொட்டியிருக்கீங்க."

"கூடினா வெளிய போயிடும்னு சொன்னாங்களே டாக்டர்."

"எல்லாம் போகாது. இந்தச் சத்து குறைஞ்சாலும் நரம்பு கெடும், அதிகமானாலும் கெடும். நல்ல நரம்பையே கெடுக்கும். உங்களுது ஏற்கெனவே அடிபட்ட நரம்பு."

"அப்ப எரிஞ்சது? நரம்பு முழிக்குதுன்னு..."

அவர் மூன்றையும் எனக்கு எட்டாமல் தள்ளி வைத்தார். அப்புறம், "முழிக்கலம்மா. செத்துக்கிட்டிருந்துச்சு" என்றார்.

சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன் என்று உனக்கு எழுதினேனே, அந்தக் கடிதத்தைக் கொளுத்திவிடு.

எது அப்பா கொடுத்தது, எது மாத்திரை கொடுத்தது என்று அவராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. நிறுத்தினால் கொஞ்சம் திரும்பி வரலாமாம், வராமலும் போகலாமாம். வந்தாலும் முதலில் இன்னும் கொஞ்சம் கெட்டு, அப்புறம் மாதக்கணக்கில் மெதுவாகத்தானாம். சத்து வேண்டுமென்றால் ரத்தத்தைப் பார்த்து, எது குறைகிறதோ அதை மட்டும், குறைகிற அளவுக்கு மட்டும் அவரே எழுதித் தருவாராம். பார்த்தார். எனக்கு எதுவுமே குறையவில்லை. ஒன்றுமே குறையாத உடம்புக்குள் இத்தனையையும் கொட்டியிருக்கிறோம், அண்ணா.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன். எடுத்துக் கொடுத்தது நீ.

உன் டப்பாக்களையும் தூக்கிப் போடு. நல்ல நரம்புக்கும் ஆகாதென்று சொன்னாரே, காதில் விழுந்ததா? நம் வீட்டில் அது ஒருத்தரிடமாவது இருக்கட்டும்.

தங்கை

*

ஜூலை 14

பல்லி,

என்ன எழுத? கை கூசுகிறது.

அந்த ஆள் லைசென்ஸ் வாங்கிவிட்டார், இனி வரமாட்டார். போன் செய்து கத்தினேன். "உங்க தங்கச்சிக்குப் பரம்பரை நோய்னு நீங்க சொல்லவே இல்லையே சார். காலு கொஞ்சம் வீக்குன்னுதான சொன்னீங்க?" என்று என் மேலேயே திருப்பிவிட்டார். சொன்னது வாஸ்தவம். ஊர் பேர் தெரியாதவனிடம் நம் வீட்டு நோயை எதற்கு விரிக்க வேண்டும் என்று மூடி மறைத்தேன். உன்னை "கொக்கு" என்று எவனும் சொல்லிவிடக் கூடாது என்று நினைத்தேன். அந்த நினைப்பில் இடி விழ.

வருகிறேன். லீவு சொல்லிவிட்டேன். சமைத்துப் போடுகிறேன், துணி துவைக்கிறேன், நீ என்னை அடி. வரட்டுமா?

அண்ணன்

*

ஆகஸ்ட் 30

அண்ணாவுக்கு,

வராதே.

பேனாவை ரப்பர் பேண்ட் போட்டு விரலோடு கட்டிக்கொண்டு எழுதுகிறேன். கோணலாக இருந்தால் கூட்டிப் படித்துக்கொள்.

நிறுத்திய பிறகும் கெட்டது. இப்போது நின்றிருக்கிறது, இன்னும் திரும்பவில்லை. முதலாளி நல்ல மனுஷர், வெளியே போ என்று சொல்லவில்லை. வாசலில் மேசை போட்டு வருகிறவர்களிடம் பேர் கேட்டு உள்ளே அனுப்பச் சொன்னார். பேரை எழுத எனக்குக் கை வரவில்லை என்று பார்த்ததும், வாயால் உள்ளே கூப்பிட்டுச் சொன்னால் போதும் என்றார். கண்ணை மூடிக்கொண்டு பார்த்தவள் இப்போது கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்கிறேன். எதற்குச் சம்பளம் என்று எனக்கே விளங்கவில்லை. அவருக்கும் சீக்கிரம் விளங்காமல் போகும்.

ரவிக்கைக் கொக்கி போட வரவில்லை. தலை பின்ன வரவில்லை, டீச்சரிடம் சொல்லி ஒட்ட வெட்டிக்கொண்டேன். சோற்றைப் பிசைந்தால் விரலுக்கு நடுவில் என்ன இருக்கிறதென்று பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன்.

உன் மேல் கோபம் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. கோபம் இருக்கிறது. நீ ஆசையாகத்தான் செய்தாய், எனக்குத் தெரியும். தெரிந்தும் இருக்கிறது. நீ வந்து முழுக் கையோடும் முழுக் காலோடும் என் முன்னால் நின்றால் ஏதாவது சொல்லிவிடுவேன். தப்பித்தவன் நீ, அங்கேயே இரு.

தங்கை

*

அக்டோபர் 6

பல்லிக்கு,

ஒரு மாதமாகப் பதில் போடவில்லை. உன்னிடம் மறைக்க ஒரு விஷயம் இருந்தது. இனி மறைக்க முடியாது.

டப்பாக்களைத் தூக்கிப் போடச் சொன்னாய். குப்பைத் தொட்டி வரைக்கும் கொண்டு போனேன். போட முடியவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு மாத்திரை சாப்பிட்டேன். அடுத்த நாள் மூன்று. எத்தனை என்று பிறகு பார்க்கவில்லை, கைக்கு வந்ததைப் போட்டுக்கொண்டேன். பொடியையும் கலக்கினேன். நீ சாப்பிட்டது உன்னைக் கெடுத்தது என்றால் என்னையும் கெடுக்கட்டும் என்று இருந்தது. தப்பித்தவன் என்று எழுதினாயே, அந்தக் கடிதத்துக்குப் பிறகு இன்னும் அதிகமாகப் போட்டேன். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் சாப்பிட்ட அன்றைக்குத்தான் எனக்குக் கொஞ்சம் தூக்கம் வந்தது.

போன மாதம் கால் விரல் எரிய ஆரம்பித்தது. எனக்கு எப்படி இருந்தது என்று சொல்லவா? நிம்மதியாக இருந்தது.

நேற்று ஒரு நர்ஸம்மா ஓட்டிக்கொண்டிருந்தார், மூன்றாவது வகுப்பு. ஒரு முனையில் திரும்பும்போது பதறிப்போய் ஆக்சிலேட்டரை அழுத்திவிட்டார். என் பக்கத்து பிரேக்கை நான் அழுத்தினேன். வண்டி நிற்கவில்லை. இன்னும் அழுத்தினேன். குனிந்து பார்த்தால் என் கால் பிரேக்கில் இல்லை, பக்கத்தில் வெறும் தரையை மிதித்துக்கொண்டிருக்கிறது. ரோட்டோரக் குப்பைத் தொட்டி வண்டியை நிறுத்தியது. அதற்கு இரண்டடி தள்ளி ஒரு அம்மா கையில் பையோடு நின்றிருந்தார். அவர் கத்தக்கூட இல்லை, என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

யாருக்கும் அடி இல்லை. நர்ஸம்மா மட்டும் அழுதார், தன் தப்பு என்று. தப்பு என்னுடையது என்று நான் சொல்லவில்லை. சாவியை டிரைவிங் ஸ்கூல்காரரிடம் கொடுத்துவிட்டேன்.

கோபித்துக்கொள். ஆனால் இப்போது எனக்குப் புரிகிறது, பல்லி. நீ எழுதிய ஒவ்வொன்றும் புரிகிறது.

அண்ணன்

*

அக்டோபர் 12

அடப் பாவி,

டீச்சர் எழுதுகிறார், நான் சொல்கிறேன். எனக்கு ரப்பர் பேண்டும் இப்போது நிற்பதில்லை. 'அடப் பாவி'க்கு மேல் நான் உன்னைத் திட்டின இரண்டு வார்த்தைகளை எழுத மாட்டேன் என்கிறார், முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன கையாம். அந்த இரண்டையும் நீயே நினைத்துக்கொள், உனக்குத் தெரியும்.

யாருக்கடா வேண்டும் உன் புரிதல்? உனக்குப் புரிய வேண்டும் என்று நான் எப்போதாவது கேட்டேனா? தப்பித்தவன் என்று எழுதினேன். ஆமாம், வயிற்றெரிச்சலில் எழுதினேன். அதற்காகக் கிணற்றில் குதிப்பாயா? கூடப் பிறந்தவள் திட்டினால் திருப்பித் திட்ட வேண்டும். அதுகூடத் தெரியவில்லையா உனக்கு?

அப்பா போய்விட்டார், என் கால் போயிற்று, என் கை போயிற்று. நம் மூன்று பேரில் ஒரு முழு உடம்பு மிச்சம் இருந்தது, அண்ணா. நீ இருக்கிறாய் என்ற தைரியத்தில்தான் உன்னை வராதே என்று எழுதினேன். வேண்டுமென்றால் கூப்பிடலாம், ஓடி வருவாய் என்று வைத்திருந்தேன். என்னுடைய கடைசிக் கையிருப்பு அது. அதையும் நீ எடுத்து விழுங்கிவிட்டாய்.

டீச்சர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கண்ணாடியைத் துடைக்கிறார். எழுதுங்க டீச்சர்.

இன்றைக்கே எல்லாவற்றையும் கழிவறையில் கொட்டு. நாளைக்கு ஒரு நரம்பு டாக்டரைப் பார். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால், சத்து என்று சொல்லாதே, காலி டப்பாக்களை மேசையில் வை. எவ்வளவு என்று கேட்டால் குறைத்துச் சொல்லாதே. உன் நரம்பு பிறப்பிலேயே நல்ல நரம்பு. நிறுத்தினால் உனக்குத் திரும்பி வருகிற வாய்ப்பு அதிகம் என்று என் டாக்டர் சொல்கிறார். உனக்காக நேற்று ஆட்டோ பிடித்துப் போய்க் கேட்டுவிட்டு வந்தேன். வருமா என்றேன். வரலாம் என்றார். வரும் என்று சொல்லவில்லை.

இப்போது ஒன்று செய். இதைப் படித்து முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு இந்தத் தாளின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவு. மெதுவாக. கண்ணைத் திறக்காதே, ஏமாற்றாதே. ஓரம் தெரிந்தால் உடனே எனக்கு எழுது, "தெரிகிறது" என்று ஒரு வார்த்தை போதும்.

தெரியவில்லை என்றால் எழுதாதே. அதைப் படிக்க எனக்குத் தெம்பு இல்லை. கிளம்பி நேரே இங்கே வந்துவிடு. வந்து கதவைத் தட்டிக்கொண்டு நிற்காதே, தள்ளினால் திறக்கும். தாழ்ப்பாளை இழுக்க எனக்குக் கை வராததால், இப்போதெல்லாம் நான் அதைப் போடுவதே இல்லை.

உன் பல்லி